நம் சங்கங்களின் இணையப் பெயர் யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஃபோட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஃபோட்டோஸ்டேட் கடை. எஸ்டிஆர் உதவித்தொகை மனு, இபிஎஃப் சேமநிதிக் கணக்கு, பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம், பாஸ்வேர்டு மறந்துபோன ஈமெயில் என்று போனை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதோடு, நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். இந்த இரண்டு வேலையிலும் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு செய்தி போட்டார். டாட் காம், டாட் மை என்று இணைய முகவரியின் கடைசியில் வருகிறதே, அந்தப் பின்னொட்டையே ஓர் அமைப்பு சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை அதற்கு விண்ணப்பம் வாங்குகிறது. நம் தேசிய அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பெரிய கோயில்களும் ஏன் ஆளுக்கொன்று வாங்கக்கூடாது என்று கேட்டிருந்தார். ராத்திரிக்குள் அறுபது பேர் கைதட்டல் படம் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாததால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

அவர் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பெயரை நாங்கள் ஒருமுறை பறிகொடுத்திருக்கிறோம்.

2011-ல் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் தொடங்கினோம். எங்கள் தோட்டம் அதற்குள் முழுக்கச் செம்பனையாகிவிட்டது. லயங்களை இடித்துவிட்டார்கள். பள்ளியும் பட்டணத்துப் பக்கம் போய்விட்டது. பழைய படங்களை வைப்பதற்கு அந்தப் பக்கத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. 1978-ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புப் படம் ஒன்று அதில் இருந்தது. நீளப் பலகையில் உட்கார்ந்தும் நின்றும் இருபத்து மூன்று பிள்ளைகள். மூன்றாவது வரிசையில் நான், கன்னத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர். பின்னால் பால் கொட்டகையின் தகரக் கூரை தெரியும். அந்தக் கொட்டகைக்கு வேறு படமே இல்லை.

டொமைன் பெயரை, அதாவது அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை, பதிந்து கொடுத்தவர் எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். தன் பெயரிலேயே, தன் ஈமெயிலிலேயே, அப்பாவின் கார்டிலேயே பதிந்தார். சங்கத்தில் யாருக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை, எனக்கும்தான். அப்புறம் அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், ஈமெயில் மாறியது, கார்டும் காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழுந்தன. கெடு முடிந்த பிறகும், கூடுதல் கட்டணம் கட்டிப் பெயரை மீட்டுக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் உண்டு. அந்த ஒரு மாதமும் எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

2019-ல் ஆண்டு விருந்து. பழைய படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டலாம் என்று புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்திருந்தோம். முகவரியைத் தட்டினேன். சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகச் சுழலும் சூதாட்டச் சக்கரங்கள். முன்வரிசையில் எங்கள் பழைய தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

பெயரைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். 2,800 அமெரிக்க டாலர் என்று பதில் வந்தது. சங்கக் கணக்கில் அன்றைக்கு இருந்தது 4,100 வெள்ளி (ரிங்கிட்). வழக்குக்குப் போகலாமா என்று விசாரித்தேன். டொமைன் பெயரைப் பறித்தவர்மேல் முறையிட உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரு வழி இருக்கிறது. ஒரே நடுவர் என்றால் 1,500 டாலர் கட்டணம். ஆனால், அந்தப் பெயரில் வணிகச்சின்ன உரிமை இருக்கிறதென்று காட்ட வேண்டும். பால்மரத்துப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் பெயருக்கு யார் வணிகச்சின்னம் எடுத்து வைத்திருந்தார்கள்? ஏறக்குறைய இரண்டு வருஷம், எங்கள் பள்ளியின் பெயரைத் தேடினால் சூதாட்டப் பக்கம்தான் முதலில் வந்தது.

சரி, சொந்தப் பின்னொட்டு இருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. காரணத்தைச் சொல்கிறேன்.

தோட்டத்துக்கு வந்த கடிதங்களை நினைத்துப் பாருங்கள். முதலில் ஆளின் பெயர், பிறகு லயத்து நம்பர், டிவிஷன், தோட்டம், கடைசியில் சுங்கை சிப்புட், பேராக். தபால்காரர் கீழேயிருந்துதான் படிப்பார். இணைய முகவரியும் அப்படித்தான். கடைசியில் இருப்பதுதான் பெரிய இடம். ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவேடு, அதைக் காக்க ஓர் அமைப்பு. டாட் காம் பதிவேடு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது, டாட் மை பதிவேடு நம் நாட்டு மைநிக் அமைப்பிடம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் இடம் பிடித்து, வருஷா வருஷம் பணம் கட்டி நாம் குடியிருக்கிறோம். கட்டத் தவறினால் அடுத்தவர் வந்துவிடுவார்.

சொந்தப் பின்னொட்டு என்றால் பதிவேடே நம் கையில். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தைச் சொல்லலாம். 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கு முதல் யோசனை எழுதிக் கொடுத்த இடம் அதுதான். இன்று அதன் முகப்புப் பக்கத்தின் முகவரி ஹோம் டாட் செர்ன், அவ்வளவுதான். டாட் செர்னுக்குக் கீழே செர்ன் சொல்லாமல் ஒரு பெயரும் முளைக்காது. பார்க்ளேஸ் வங்கியும் கேனன் நிறுவனமும் இப்படித்தான் வைத்திருக்கின்றன. டாட் கத்தோலிக் என்ற பின்னொட்டை வத்திக்கான் எடுத்து வைத்திருக்கிறது, அரபு, சீன, சிரிலிக் எழுத்துகளிலும் சேர்த்து. இப்படிப்பட்டவர்களுக்குக் கெடு முடிந்த பெயரை வெளியார் கொத்திக்கொண்டு போவது என்ற பேச்சே இல்லை. பாதுகாப்பு விதியையும் மொத்தமாகப் போடலாம். கூகுள் தன் பொறுப்பில் உள்ள டாட் ஆப் பின்னொட்டு முழுவதையும் மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே திறக்கும்படி வைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு பூட்டுப் போடாமல் கேட்டிலேயே காவல் போட்ட மாதிரி.

இவையெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால், என் கடைக்கு வரும் ஓர் அக்காவுக்கு இதனால் என்ன பயன் என்று பார்க்கிறேன்.

அந்த அக்காவுக்கு எழுபது வயதிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் காலையில், கடை திறப்பதற்குள் வாசலில் நின்றார். வங்கியிலிருந்து வந்ததாக ஒரு குறுஞ்செய்தி, கணக்கை முடக்கப்போகிறோம் என்று. அதிலிருந்த இணைப்பைத் தட்டி, கேட்டதையெல்லாம் எழுதிவிட்டார். 3,800 வெள்ளி போய்விட்டது. இணைய மோசடிப் புகார் எண் 997-க்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன். பேசி முடித்துவிட்டு, அந்தச் செய்தியை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, விரலால் காட்டினார். "பாப்பா, இங்க பாரு, பேங்க் பேரு போட்டிருக்கே. அப்புறம் எப்படிப் பொய்யாகும்?" வங்கியின் பெயர் இருந்தது உண்மைதான், முகவரியின் தொடக்கத்தில். ஒரு சிறு கோடு, அதற்குப் பின் என்னவோ எழுத்துகள், அதற்குப் பின் யாரோ ஒருவரின் டொமைன். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண் முதலில் கண்டதை நம்பிவிட்டது.

அந்த வங்கிக்குச் சொந்தப் பின்னொட்டு இருந்திருந்தால் அக்கா தப்பித்திருப்பாரா? கடைசியைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பார். வங்கிக்கு வங்கி ஒரு பின்னொட்டு என்றால் எத்தனையைத்தான் சொல்லிக் கொடுப்பது? அதிலும், சொந்தப் பின்னொட்டு வாங்கிய பல நிறுவனங்கள் பழைய டாட் காமையும் கூடவே நடத்துகின்றன. அப்படியானால் மக்கள் எதை நம்பிப் பழகுவது?

இதில் இந்தியா எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவிடம் டாட் எஸ்பிஐ என்று சொந்தப் பின்னொட்டே இருக்கிறது. இருந்தும், இந்திய ரிசர்வ் வங்கி 2025-ல் எல்லா வங்கிகளையும் பேங்க் டாட் இன் என்ற ஒரே பொதுப் பெயருக்குக் கீழே வரச் சொல்லி, அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. வங்கி என்று சரிபார்க்கப்பட்டவருக்கு மட்டும்தான் அங்கே இடம். எஸ்பிஐயும் அதற்குக் கீழே வந்தது. என் அக்காவுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியது அப்போது ஒன்றே ஒன்றுதான்: கடைசியில் இது இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் மைநிக்கும் உட்கார்ந்து பேசி, டாட் மைக்குக் கீழே இப்படி ஒரு பொது வேலியை எல்லா வங்கிக்கும் சேர்த்துப் போட்டால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இனி பணத்துக்கு வருகிறேன், குழுவில் கைதட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2012-ல் ஐகேன் இப்படி ஒருமுறை கதவைத் திறந்தபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அப்போது ஒரு விண்ணப்பத்துக்கு 185,000 அமெரிக்க டாலர். இப்போது 227,000 டாலர், ஏறக்குறைய ஒன்பது லட்சம் வெள்ளி. இது விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மட்டும். கிடைத்த பிறகு ஆண்டுக்குச் சுமார் 25,000 டாலர் ஐகேனுக்கே கட்ட வேண்டும். பதிவேட்டை ராத்திரி பகல் நிற்காமல் ஓட்டத் தகுதி பெற்ற தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றை அமர்த்த வேண்டும். பதிவுகளின் நகலைத் தினமும் மூன்றாவது ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் அது பட்டா நிலம் ஆகிவிடாது. ஐகேனோடு போடுகிற பத்து வருஷ ஒப்பந்தம், விதியை மீறினால் எடுத்துக்கொள்வார்கள். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு 75 முதல் 85 விழுக்காடு வரை கட்டணக் குறைப்பு ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு மனுப் போடும் காலம் இந்த விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. நம் அமைப்புகளில் யாராவது அதைக் கவனித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பணம் இருப்பவர்களே கைவிட்டிருக்கிறார்கள். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் டாட் மெக்டொனால்ட்ஸ் வாங்கிவிட்டு, சில ஆண்டுகளிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஊரெல்லாம் தெரிந்த பழைய முகவரி இருக்கும்போது புதிய முகவரிக்கு ஆட்களை இழுப்பது லேசான காரியமில்லை.

இன்னொரு சங்கடம் எனக்கே நேர்ந்தது. சூதாட்டக்காரரிடம் பெயர் போன பிறகு, 2020-ல் டாட் ஃபேமிலி என்ற புதிய பின்னொட்டில் சங்கத்துக்கு ஒரு பெயர் எடுத்தேன். நாங்கள் எல்லாம் ஒரே தோட்டத்துக் குடும்பம்தானே என்று ஆசையாக எடுத்தது. அந்தப் பெயரில் வைத்த ஈமெயிலை ஓர் அரசாங்க இணையப் படிவத்தில் எழுதினால், செல்லாத ஈமெயில் என்று சிவப்பில் காட்டியது. மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தேன். டாட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று எழுத்துதான் வரும் என்று நினைத்து எவரோ எழுதி வைத்த பழைய நிரல். கடைசியில் என் சொந்த ஈமெயிலைக் கொடுத்து மானியத்துக்கு மனுப் போட்டேன். சங்கத்தின் வேலை மறுபடியும் ஒரு தனி ஆளின் பெட்டிக்குள் போயிற்று. ஆங்கில எழுத்துப் பின்னொட்டுக்கே இந்தக் கதி என்றால், தமிழ் எழுத்துப் பின்னொட்டில் ஈமெயில் வைத்துக்கொண்டு எத்தனை படிவங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்!

தமிழ் எழுத்துப் பின்னொட்டு என்றதும் மனத்தில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் இருக்கின்றன. நம் நாட்டுக்கு டாட் மையும், ஜாவி எழுத்தில் மலேசியா என்பதும் உண்டு. தமிழில் டாட் மலேசியா இல்லை. ஒரு தனி அமைப்பு ஒன்பது லட்சம் கட்டிக் கேட்க வேண்டிய காரியமில்லை இது. நாட்டுப் பெயருக்கு வழி வேறு, அதை அரசாங்கத்தின் ஆதரவோடுதான் கேட்க முடியும். நம் தலைவர்கள் குரல் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

கூட்டாக ஒரு பின்னொட்டை நடத்த முடியாதா என்றால், முடியும். ஸ்பெயினில் காத்தலான் மொழி பேசுகிறவர்கள் டாட் கேட் என்ற பின்னொட்டை 2005-லேயே தங்கள் மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று வாங்கி நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனி நாடு இல்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும் என்று டாட் கூப் இருக்கிறது. 2000-ல் ஐகேன் அனுமதித்த ஏழு புதிய பின்னொட்டுகளில் அதுவும் ஒன்று, கூட்டுறவு என்று காட்டினால்தான் இடம் தருவார்கள்.

கூட்டுறவு என்று சொல்லிவிட்டு எங்கள் ஊர்க்காரரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுப் போன காலத்தில், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். என் அப்பாவும் ஒரு பங்கு எடுத்தவர். அந்தப் பத்திரம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆளுக்கொரு தோட்டம் வாங்குங்கள் என்று யாரும் அன்றைக்குப் பால்வெட்டுத் தொழிலாளியிடம் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். பின்னொட்டு விஷயத்திலும் நம் தேசிய அமைப்புகள் பேச வேண்டியது அந்தக் கணக்கில்தான். இந்த ஆகஸ்ட்டுக்குள் அவசரப்பட்டு எதையும் செய்ய வேண்டாம். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் யார் நடத்துவது, யார் பணம் போடுவது, தலைவர் மாறினால் பதிவேடு யாரிடம் போகும் என்பதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.

கடைசிக் கேள்வி மிக முக்கியம். 2019-ல், டாட் ஓஆர்ஜி பதிவேட்டை நடத்தும் அமைப்பையே ஈதோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப் பார்த்தார்கள். தொண்டு நிறுவனங்கள் உலகம் முழுக்க எதிர்த்தன, 2020 ஏப்ரலில் ஐகேன் அதைத் தடுத்தது. டாட் ஓஆர்ஜிக்கே அப்படி ஒரு நாள் வந்தது. நம் சங்கங்களில் ஆண்டுக்கூட்டத்தில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் செயற்குழு பிளவுபடுவதை நான் பார்த்திருக்கிறேன். கோயில் சாவி யாரிடம் என்று போலீஸ் நிலையம் வரை போனதையும் பார்த்திருக்கிறேன். ஒன்பது லட்சத்துக்கு ஒரு பின்னொட்டை வாங்கி அந்தச் சண்டைக்கு நடுவில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவும் அதிகமில்லை. உங்கள் கோயிலோ சங்கமோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ வைத்திருக்கும் டொமைன் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது? புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் எந்த ஈமெயிலுக்குப் போகிறது? கெடு எந்தத் தேதி? இந்த மூன்றுக்கும் செயற்குழுவில் இரண்டு பேருக்காவது பதில் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் 2023-ல் சங்கப் பதிவிலாகாவின் பதிவுச் சான்றைக் காட்டி, டாட் ஓஆர்ஜி டாட் மைக்குக் கீழே சங்கத்தின் பெயரிலேயே பதிந்துகொண்டோம். அந்த ஈமெயிலைத் தலைவர், பொருளாளர், நான் மூவரும் பார்க்கிறோம். பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய உறை கூட்ட அறிக்கைப் புத்தகத்தோடு பீரோவில் இருக்கிறது. கெடு தேதியை ஒவ்வொரு கூட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலும் எழுதுகிறேன். பழைய படங்களில் நாற்பது மட்டும் என் தம்ப்டிரைவிலிருந்து மீண்டன, 1978-ஆம் ஆண்டுப் படமும் அதில் ஒன்று.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தச் சங்கமாக இருந்தாலும், கோயிலாக இருந்தாலும், பதிவுச் சான்றையும் பழைய ரசீதையும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும். யார் பெயரில், எந்த ஈமெயிலில், எந்தத் தேதி வரை என்று கூடவே உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்